வயிற்றின் மேல் வைத்த கை

கடையில் அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்ட பெயர். திரைத்துணியும் படுக்கை விரிப்பும் விற்கிற கடை அது. தரையிலிருந்து கூரை வரை மரத்தட்டுகள், தட்டு நிறையச் சுருட்டிய துணி உருளைகள். மற்றப் பெண்கள் மேல்தட்டுக்கு ஸ்டூலைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவள் குதிகாலைத் தூக்கி வலக்கையை நீட்டுவாள். உருளை சரிந்து வந்து தோளில் உட்கார்ந்துகொள்ளும்.

"உன்னால எனக்கு ஒரு ஏணி மிச்சம்மா" என்பார் முதலாளி. அவளும் சிரிப்பாள். உயரமாக இருப்பதற்காகப் பிறந்த வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேலியே கேட்டு வளர்ந்தவளுக்கு, அந்த உயரத்தை ஒருவர் மெச்சியது கடையில்தான். அதனால் எந்த வாடிக்கையாளர் எந்த மூலையைக் கை காட்டினாலும் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிவிடுவாள்.

வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "அந்த நீலம். அதுக்கு மேல இருக்கிற நீலம். அதுக்கும் மேல" என்று கூரை வரை ஏறி, கடைசியில் "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று இறங்கிப் போய்விடுவார்கள். நூல் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் குள்ளமான, உருண்டையான பெண்மணிக்குக் கடையில் பட்டன் என்று பெயர். அவள் அங்கிருந்தபடியே முணுமுணுப்பாள்: "இவங்க வீட்டுல ஜன்னலே இருக்காது. நான் வேணா எழுதித் தரேன்."

இறக்கிய உருளைகளை எல்லாம் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அதுவும் ஏணியின் வேலைதான்.

அப்படி ஒரு பச்சை உருளையை மேலே தள்ளும்போதுதான் தோளுக்குள் ஏதோ ஆயிற்று. வலி பிறகுதான் வந்தது. முதலில், பழைய துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இழை இழையாக விட்டுப்போகுமே, அந்த உணர்வு. கை சட்டென்று கீழே விழுந்தது. பச்சை உருளை தலையில் இடித்துத் தரையில் உருண்டது.

"உள்ள ஏதோ கிழிஞ்சிடுச்சு அக்கா" என்றாள் பட்டனிடம்.

"உடம்பு என்ன போர்வையாடி, கிழியறதுக்கு? தைலம் தேய்ச்சுக்கோ."

அன்று மாலை கணவனிடமும் அதையேதான் சொன்னாள். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் எந்தக் குரல் எழுந்தாலும் அதுவும் கூச்சல்தான் என்று முடிவு செய்துவிட்டவன்.

"கிழிஞ்சிடுச்சா? கிழிஞ்சா ரத்தம் வராதா? ஒரு நாள் அந்த ஸ்டீயரிங்கப் பிடிச்சுப் பாரு, வலின்னா என்னன்னு தெரியும்."

தைலம் தேய்த்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுக்க, இடக்கையால் வலக்கையின் முழங்கையைத் தாங்கித் தூக்க வேண்டியிருந்தது. முதுகுப் பக்கம் கொக்கி மாட்டக் கை போகவில்லை. கணவன் பார்த்தான். "நல்லா நடிக்கிற. டிவியில சேத்துவிட்டா காசாவது வரும்" என்றான்.

அந்த வீட்டில் அவளை நம்பியது ஒரே ஒரு ஆள். அவளுடைய நாத்தனார்.

கணவனுக்கு ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். வீட்டில் எல்லோருக்கும் குட்டி. ஆனால் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஹெட்மாஸ்டர். எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் படம் எடுப்பது அவள் வேலை. அந்தக் குழாய்க்குள் படுத்தவர் இம்மி அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். ஆகவே இருமினால் அதட்டுவாள், சொறிந்தால் அதட்டுவாள். தொந்தியும் தொப்பையுமாக வந்த ஒரு போலீஸ் அதிகாரியையே "மூச்சை அளவா விடுங்க சார்" என்று அடக்கி வைத்தவள் என்று சென்டரில் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்தால் அண்ணியின் பின்னாலேயே சுற்றுகிற பூனைக்குட்டி.

"அண்ணி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். தோளை ஒரு படம் எடுத்துடலாம். உள்ள என்ன இருக்குன்னு அப்படியே காட்டிடும். அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான்னு பாக்கிறேன்."

முதலாளியும் அதையேதான் கேட்டிருந்தார். கீழே உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுங்கள் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "வாய்ல சொன்னா ஆச்சாம்மா? ஆளாளுக்குத் தோள் வலிங்கறாங்க. கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லட்டும், அன்னிக்கே உன்னை நூல் கவுன்டர்ல பட்டன் பக்கத்துல உக்கார வெக்கிறேன்" என்றார்.

ஆக, கடையில் ஒரு நாற்காலி, வீட்டில் ஒரு மரியாதை, இரண்டும் அந்த ஒரு படத்தைத்தான் நம்பியிருந்தன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், நாத்தனார் அவளை உள்ளே அழைத்துப் போனாள். கழுத்துச் சங்கிலி, தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைத்தாள். குளிரூட்டிய அறை. நீளப் பலகை. அதன் தலைமாட்டில் வெள்ளைக் குழாய் ஒன்று வாயைத் திறந்து காத்திருந்தது. காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன். வலத்தோளின் மேல் கவசம் போல ஒரு பிளாஸ்டிக் மூடி. "இதுதான் தோளைப் படம் பிடிக்கும்" என்றாள் நாத்தனார்.

தோள் படத்துக்கென்று ஒரு முறை உண்டு. கை உடம்போடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். அது திரும்பிவிடாமல் இருக்க, விரித்த உள்ளங்கையில் ஒரு சின்ன மணல் மூட்டையை வைப்பார்கள். நாத்தனாரும் அப்படித்தான் வைத்தாள். கையை வெளிப்பக்கமாகத் திருப்பியதும் அண்ணியின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுப் பஞ்சில் இறங்கியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள்.

"ரொம்ப வலிக்குதா அண்ணி?"

"பரவால்ல. நீ எடு."

நாத்தனார் ஒரு நிமிடம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மணல் மூட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் கையை மெல்ல மடக்கி அவள் வயிற்றின் மேல் வைத்தாள். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகினாள்.

"இப்படி வெச்சுக்கோங்க. நம்மள யாரு கேக்கப்போறா. நல்லா மூச்சு விட்டுக்கிட்டு நிம்மதியா படுங்க."

எந்திரம் தட்டியது, இரைந்தது, உடைத்துவிடுவது போல் இடித்தது. அந்த இரைச்சலுக்குள் அவள் பயப்படாமல் படுத்திருந்தாள். தனக்கு வலிக்கிறது என்பதற்காக ஒரு ஆள் ஒரு விதியைத் தளர்த்தியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நினைப்பே அவளுக்குத் தாலாட்டாக இருந்தது. வயிறு ஏறி இறங்கியது. அதன் மேலிருந்த கையும் கூடவே ஏறி இறங்கியது.

அடுத்த நாள் எலும்பு டாக்டர் சொன்ன தீர்ப்பு சுருக்கமானது. "கிழிசல் எதுவும் தெரியல. தோள் இறுகியிருக்கு. பயிற்சி செய்யுங்க, சரியாயிடும்."

"கிழிஞ்ச மாதிரிதான் சார் இருந்துச்சு" என்றாள் அவள்.

"படத்துல இல்லையேம்மா."

அந்த ஒரு வாக்கியத்தைக் கணவன் பிடித்துக்கொண்டான். சோறு வைக்கக் கொஞ்சம் நேரமானாலும் அதுதான், துணி துவைக்க யாராவது துணைக்கு வர வேண்டும் என்றாலும் அதுதான்.

"படத்துலயே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இன்னும் என்ன?"

முதலாளி வாய்விட்டே சிரித்தார். "கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லைல்ல? சந்தோஷம். அந்த மேல்தட்டு மஞ்சளை எடு, அம்மா நிக்கிறாங்க பாரு."

இதையெல்லாம் கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது நாத்தனாரின் முகம் மாறியதுதான். அவள் கோபப்படவில்லை, குத்திப் பேசவில்லை. ஆனால் பழைய பூனைக்குட்டி காணாமல் போய்விட்டது. மாலையில் சுவரோரம் நிறுத்தி, விரல்களைச் சுவரில் ஊன்றி ஊன்றிக் கையை மேலே ஏற்றச் சொல்வாள்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி."

"முடியல குட்டி. உயிர் போகுது."

"நானே எடுத்த படம் அண்ணி அது. எனக்குத் தெரியாதா உள்ள ஒண்ணும் இல்லைன்னு? பயத்துலதான் கை இறுகுது. ஏத்துங்க."

குட்டியே சொல்கிறாள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஏணியும் தன்னையே நம்புவதை விட்டுவிட்டாள். நான் நடிக்கிறேனோ, எனக்கே தெரியாமல் நடிக்கிறேனோ என்று யோசிக்கத் தொடங்கினாள். வலித்தால் பல்லைக் கடித்தாள். கடையில் உருளைகளை ஏற்றினாள், இறக்கினாள். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிற்று.

பிறகு ஒரு நாள் கையை நீட்டச் சொன்னால் கை நீளவில்லை. வலிகூடப் பழையபடி இல்லை. மேல்தட்டைப் பார்த்து மனசு கட்டளையிட்டது. கை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் கவுன்டரை விட்டு எழுந்து வந்தாள். எப்போதும் கேலி பேசுகிறவள், அவள் சட்டைக்கு மேலாகத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். எலும்புக்கு மேலே சதை இருக்க வேண்டிய இடம் குழிந்து கிடந்தது.

அதைக் கேட்டுத்தான் நாத்தனாருக்கும் பயம் வந்தது. தோளுக்கென்றே தனியாகப் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். அங்கேயே புதிதாகப் படம் எடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு பையன், "கையைத் திருப்பும்மா, திருப்பு, வலிக்கத்தான் செய்யும், ஆட்டாதே" என்று அதட்டி, மணல் மூட்டையைப் பொத்தென்று உள்ளங்கையில் வைத்து எடுத்தான். கணவனுக்கு வேன் ஓட்டும் நேரம். நாத்தனார்தான் துணைக்கு வந்தாள், பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அலுத்துப்போன குரல். புதிய படத்தைத் திரையில் போட்டுப் பேனாவால் காட்டினார்.

"தோள்ங்கறது ஒரு பெரிய பந்து, ஒரு சின்னத் தட்டு. தட்டுல பந்து நிக்கணும்னா சுத்தி நாலு தசை இழுத்துப் பிடிச்சிருக்கணும். அதுல மேல போறது இது. கையைத் தூக்கணும்னா இதுதான் ஆரம்பிச்சு வைக்கணும். இதோட நார் எலும்புல ஒட்டியிருக்க வேண்டிய இடம் இங்க. உங்களுக்கு எங்க இருக்கு பாருங்க. அறுந்து இவ்வளவு உள்ள இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

"கிழிஞ்சிருக்கா சார்?"

"முழுசாக் கிழிஞ்சிருக்கு."

அவள் முகத்தில் என்ன வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தோஷம் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பாவிப்பெண்ணின் முகம் கல்யாணப்பெண்ணின் முகம் போல மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை.

"அப்ப தைச்சிடலாமா சார்?"

டாக்டர் பேனாவை இன்னொரு படத்துக்கு நகர்த்தினார். "இது தசை. கறுப்பா இருக்கணும். நடுவுல வெள்ளை வெள்ளையா ஓடுது பாருங்க, அதெல்லாம் கொழுப்பு. நார் அறுந்தா தசைக்கு வேலை இல்ல. ரொம்ப நாள் வேலை இல்லாத தசை சுருங்கிக் கொழுப்பா மாறிடும். மாறினது திரும்ப வராது. நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

"துணிக்கடை சார்."

"அப்ப உங்களுக்கே தெரியும். நைஞ்ச துணியில தையல் நிக்குமா?"

"நிக்காது சார்" என்றாள் அவள், கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்னத் துளை. அரை நாள் வேலை. இனிமே மார்பு உயரத்துக்கு மேல கை வர்றது கஷ்டம்." பழைய படத்தையும் போட்டுப் பார்த்தார். போட்டவுடனேயே நெற்றியைச் சுருக்கினார். "இது யார் எடுத்தது? பூரா ஆடியிருக்கே. ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அன்னிக்குக் கையை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

அவள் தன் மடியில் கிடந்த வலக்கையைப் பார்த்தாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வயித்து மேலயா?" என்றார் டாக்டர். "மூச்சு விட்டா வயிறு ஆடும், கை ஆடும், தோளும் ஆடும். போதாததுக்குக் கை உள்பக்கம் திரும்பிடுச்சுன்னா ஒரு நார் மேல இன்னொரு நார் படிஞ்சு மறைச்சுடும். சின்னத் துளையை இதுல எவனும் பாக்க முடியாது. படம் எடுக்கத் தெரியாதவங்க எல்லாம்..."

வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நாத்தனார். இரண்டு நிறுத்தம் கடந்தது. பிறகு நாத்தனாரின் உதடு கோணிக்கொண்டது.

"அண்ணி, அன்னிக்குப் படம் லேசா ஆடியிருந்தது எனக்கே தெரிஞ்சுது. வேற யாராவதா இருந்தா இழுத்துப் போட்டு இன்னொரு தரம் எடுத்திருப்பேன். உங்களை மறுபடி படுக்க வைக்க மனசு வரல. பாவம்னு நினைச்சேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். உங்க ஒருத்தரைத்தான் திட்டல. என்னை ஒரு வார்த்தை திட்டிடுங்க அண்ணி."

"எதுக்கு? நான் திட்டினா நீ அழுவே. நீ அழுதா நான்தான் சமாதானம் பண்ணணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல குட்டி."

சொன்னபடியே நாத்தனார் அழுதாள். அவள் சமாதானம் செய்யவில்லை.

யாரோ ஒருத்தியாக அங்கே போயிருந்தால் ஹெட்மாஸ்டர் அதட்டியிருப்பாள், மூட்டையை வைத்திருப்பாள், கை பிழைத்திருக்கும். சொந்தக்காரியாகப் போனதுதான் அவள் செய்த தவறு.

வழியில் கடையில் இறங்கினார்கள். முதலாளியிடம் அவள் நேராகவே சொன்னாள். "கிழிஞ்சிருக்காம் சார். பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க அன்னிக்குச் சொன்னீங்கள்ல, நூல் கவுன்டர்..."

முதலாளியின் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. அதுதான் கொடுமை. "அடப்பாவமே" என்றார். உட்கார நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்குச் சொன்னேன்மா, வாஸ்தவம். குணமாகறவரைக்கும் உக்காருன்னு சொன்னேன். இது குணமே ஆகாதுங்கறியே. நாளைக்கு இங்க இருந்து கை இன்னும் மோசமாச்சுன்னா எனக்குல்ல பழி. நீ வீட்டுல இருந்து உடம்பைப் பாத்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பட்டன் கவுன்டருக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் வெளியே போகும்வரை நிமிரவே இல்லை.

கணவன் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. நாத்தனார் சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூடத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் புதிய படத்தை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. ஆனால் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் தோளைப் பார்த்தான். மனிதனுக்கு நெஞ்சு இல்லாமல் இல்லை.

"நெஜமாவே கிழிஞ்சிருந்துச்சா? ஒரு வருஷமா இதை வெச்சுக்கிட்டா நீ..." என்றவன், சொல்லத் தெரியாமல் கோபத்துக்குத் தாவினான். "அப்புறம் எப்படி முதல் படத்துல இல்லைன்னான்? அந்த டாக்டரைச் சும்மா விடறதா? நாளைக்கே போய் சட்டையைப் பிடிக்கிறேன். சொல்லு, ஏன் அன்னிக்குத் தெரியல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நாத்தனாரின் முதுகு தெரிந்தது. சோப்பு நுரையோடு இரண்டு கைகளும் தொட்டிக்குள் அசையாமல் இருந்தன. கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு வார்த்தை அங்கிருந்து வந்தால் போதும். அவள் காத்திருந்தாள். வரவில்லை. கணவன் மறுபடி கேட்டான். சரி, பொய்யைச் சொல்லிப் பார்ப்போம், உண்மை தெரிந்தவள் பொறுக்காமல் வாயைத் திறப்பாள் என்று நினைத்தாள்.

"அன்னிக்கு நான் கையை ஆட்டிட்டேனாம்" என்றாள். "அதுல படம் கலைஞ்சிடுச்சாம்."

சொல்லிவிட்டுச் சமையலறையையே பார்த்தாள்.

கணவன் படத்தைக் கீழே வைத்தான். ஒரு வருடமாக அவள் சொன்ன எதையும் நம்பாதவன், இதை நம்ப அவனுக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை.

"அதானே பார்த்தேன்" என்றான். குரலில் ஒரு நிம்மதி வந்திருந்தது. "ஒரு அரை மணி நேரம் ஆடாம அசையாம இருன்னா உன்னால முடியாதே. குட்டி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பாளே. நம்ம மேல தப்பை வெச்சுக்கிட்டு அந்த டாக்டரை என்ன சொல்றது?"

நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரங்களின் மேல் விழுந்து வீடு முழுக்கச் சத்தம் போட்டது.

அவன் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "பாவம்தாங்க. ஆனா அவளே கையை ஆட்டிட்டாளாம். என்ன பண்றது சொல்லுங்க."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவளுடைய முதுகுக் கொக்கியை மாலையில் நாத்தனார்தான் கழற்றிவிடுவது வழக்கம். கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது.

"அண்ணி, கொக்கியைக் கழட்டி விடட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரு கையால எப்படி அண்ணி..."

"வேண்டாம்னு சொன்னேன்."

காலடி திரும்பிப் போயிற்று. அவள் டாக்டரிடம் போய்வந்த அதே உடையோடு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.